பதினொரு அடி ஒழுங்கை

நாவற்புலத்து இரத்தினம்மா யாருக்காவது பெட்டிசம் எழுதாமல் ஒரு மாதம் கழிந்தால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். படித்தவர்கள் மனு என்பதை எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்போம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பொதுக் கிணற்றின் கட்டு வெடித்ததற்கு ஒரு பெட்டிசம், சங்கக்கடைச் சீனியில் எறும்பு கூடியதற்கு ஒரு பெட்டிசம், ஐயர் கோயில் மணியைப் பத்து நிமிடம் பிந்தி அடித்ததற்கு ஒரு பெட்டிசம். ஊர்க் காரியம் பார்க்கும் அதிகாரி விதானையார் சண்முகநாதனின் மேசையில் அவளுக்கென்றே ஒரு தனிக் கோப்பு இருந்தது. அது மற்றக் கோப்புகளை விடக் கொழுத்திருந்தது.

அத்தனை பெட்டிசத்திலும் ஒன்றே ஒன்றுதான் பலித்தது. அது பலித்த விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கதை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம். இரத்தினம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மருதனார்மடச் சந்தையில் அவளுடைய முருங்கைக்காய்க்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டு வளவின் ஓரத்தில், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் சிறு தெருப் பக்கமாக நின்ற ஒற்றை மரத்துக் காய். சதைப்பற்றும் இனிப்புமாக இருக்கும். ஆட்கள் கேட்டு வந்து வாங்குவார்கள். சந்தையில் தகரக் கொட்டகையின் மூன்றாம் தூணடி அவளுடைய இடம். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருந்து விற்கிறாள். அந்த இடத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, ரசீதுத் துண்டு கிடையாது. காலை ஆறரைக்கு முன் சாக்கை விரித்தவளுக்கு இடம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் சாக்கு விரிக்காவிட்டால் இடம் பொது. இதுதான் சந்தைச் சட்டம்.

நாவற்புலத்திலிருந்து சந்தைக்கு இரண்டு மைல். பஸ் என்ற சாமான் அந்த ஊருக்குள் ஒருநாளும் வந்ததில்லை. தலையில் கடகத்தை வைத்துக்கொண்டு நடந்தே போய்வந்தவளுக்கு அந்தப் பங்குனியில் வலது முழங்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. புருஷன் அருளம்பலம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகலாம்தான். ஆனால் அவருக்குக் குடலிறக்கம். பாரம் வைத்து மிதிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரத்தினம்மா இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தபோது தூணடியில் ஒருத்தி சாக்கோடு நின்றாள். விரிக்கவில்லை, நியாயம் தெரிந்த பெண். கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஆறரை ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று இரத்தினம்மாவுக்கு வயிறு எரிந்துபோயிற்று. சுவிசில் இருக்கிற மகன், சந்தைக்குப் போனது போதும், இனி வீட்டில் இருங்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறான். வீட்டில் இருந்து என்ன செய்வது? அருளம்பலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா? முப்பது வருடம் பார்த்த முகம். நல்ல முகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சந்தையில் ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கலாம், நூறு வாயோடு கதைக்கலாம். தூணடி போனால் தன் உயிரில் பாதி போய்விடும் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்தாள். தாளை எடுத்தாள்.

இந்தமுறை பெட்டிசம் விதானையாருக்கு இல்லை, குருநகர்க் கனிசியசுக்கு. கனிசியஸ் கடற்தொழில் குடும்பத்து ஆள். யுத்தத்தில் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, யாரோ கோழி அடைக்க வைத்திருந்த பழைய தட்டிவான் ஒன்றை வாங்கி உயிர் கொடுத்து, பட்டணத்துக்கும் மருதனார்மடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான். தட்டிவான் என்றால் மரத்தால் கூடு கட்டிய பழங்காலத்து வாகனம். பக்கங்கள் திறந்தபடி இருக்கும். பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியை விரித்தால் கடகம், மூட்டை, ஆடு எல்லாம் ஏறும். பெற்றோல் கண்ணால் காண முடியாத காலம் அது. சேலைன் போத்தலில் மருந்து போல வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு விட்டு இயந்திரத்தை எழுப்ப வேண்டும். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிறகு அது இருமிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் ஓடும். முன்கண்ணாடிக்கு மேலே அந்தோனியார் படம். அதற்குப் பக்கத்தில் மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயில் மாலை. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினால்தான் வான் போகும் என்பான் கனிசியஸ்.

பெட்டிசம் இப்படி இருந்தது: “மகா கனம் பொருந்திய வாகன உரிமையாளர் அவர்களுக்கு. எங்கள் ஊரில் நூற்றுப் பத்துக் குடும்பங்கள் உள்ளன. வெங்காயம், கத்தரி, முருங்கை விளைகின்றன. பிள்ளைத்தாய்ச்சிகள் கட்டிலில் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். தங்கள் வாகனம் காலையில் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் எமது பிள்ளையார் கோயில் வீதிவரை வந்து திரும்புமாயின் ஊர் தங்களை வாழ்த்தும். உறுதிப்படி எமது ஒழுங்கை பதினொரு அடி அகலமானது என்பதையும் அறியத் தருகிறேன்.” கீழே நாற்பத்தேழு கையெழுத்துகள். ஐந்து, இறந்துபோனவர்களுடையவை. அவர்களும் இருந்திருந்தால் போட்டிருப்பார்கள் என்பது இரத்தினம்மாவின் கட்சி.

கனிசியஸ் சந்தையில் அவளைத் தேடி வந்து கேட்டான்.

“அக்கா, பாதை அகலம் காணுமோ? என்ரை வான் ஆறே கால் அடி.”

“உறுதியிலை பதினொரு அடி தம்பி. கொண்டுவந்து வாசிச்சுக் காட்டட்டோ?”

“பதினொண்டெண்டால் கையை வீசிக்கொண்டு வருவன். வெள்ளிக்கிழமை ஒருக்கா வந்து பாக்கிறன். கோயிலடிவரை போய்த் திரும்பினால் திங்கள் துவக்கம் ரெண்டு நடை ஓடுறன். திரும்பேலாட்டில் கோவிக்கக் கூடாது. மடத்துவெளிச் சனம் தங்கடை ஊருக்கு வரச்சொல்லி இப்பவே மாலையோடை நிக்குது.”

இரத்தினம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் உள்ள விசேஷம். அவள் மனமார நம்பித்தான் சொன்னாள்.

எங்கள் ஊர் வேலியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கதியால் என்பது வேலிக்கு நடுகிற உயிர்த்தடி. பூவரசு, கிளுவை என்று நட்டால் தளிர்க்கும். வருடா வருடம் மழைக்கு முன்னம் பட்டுப்போன கதியாலுக்குப் பக்கத்தில் புதியதை நடுவார்கள். பக்கத்தில் என்றால் எந்தப் பக்கம்? உள்பக்கம் நட்ட மனிதனை நாவற்புலம் இன்றுவரை கண்டதில்லை. வருடத்துக்கு இரண்டு விரல், மூன்று விரல் என்று வேலி வெளியே நடந்துகொண்டே இருக்கும். வேலிக்கு வெளியே இருப்பது ஒழுங்கை. ஒழுங்கைக்கு வாயில்லை.

இரத்தினம்மா வீட்டுக்கு நேரெதிர் வீடு அவளுடைய மச்சாள் பாலேஸ்வரியின் வீடு. அருளம்பலத்தின் பெரியப்பா மகள். ஒன்பது வருடத்துக்கு முன் பாலேஸ்வரி ஒரே மழைக்காலத்தில் அரை அடி தள்ளிக் கதியால் நட்டுவிட்டாள். இரத்தினம்மா உறுதியைத் தூக்கிக்கொண்டு விதானையாரிடம் போனாள், பெட்டிசம் எழுதினாள், கத்திச் சண்டை பிடித்தாள். பிறகு கதை பேச்சு இல்லை. ஒருத்தி கல்யாண வீட்டுக்குள் போனால் மற்றவள் வெளியே வருவாள். பாலேஸ்வரி ஒழுங்கையில் தின்றது மொத்தம் இரண்டு அடி என்று இரத்தினம்மாவுக்கு நித்திரையிலும் தெரியும். பதினொன்றில் இரண்டு போனால் ஒன்பது. ஒன்பது அடியில் வான் வராதா? கணக்குச் சரி. தன் பக்கத்து வேலி என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பது மட்டும் அதில் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயில் வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். மருதனார்மடச் சந்தியில் முப்பது பேர் வானில் ஏறினார்கள், விதானையாரும் ஒருவர். இரத்தினம்மாவுக்கு முன்சீட்டு, சாரதிக்குப் பக்கத்தில். நல்ல சேலை, நெற்றியில் விபூதி, மடியில் உறுதி. ராசாத்தி போல இருந்து வந்தாள். வான் ஒழுங்கைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேலிக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. கிளுவைக் கொப்புகள் உரசின. கனிசியஸ் முகத்தைச் சுருக்கினான்.

“அக்கா, இது பதினொண்டோ?”

“உதெல்லாம் கொப்பு தம்பி. கொப்பைப் பாராதை, நிலத்தைப் பார்.”

அவள் வாயை மூடவில்லை, இடப்பக்கத்தால் ஒரு முருங்கைக் கொப்பு உள்ளே வந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று போட்டது. வான் ‘கிறீச்’ என்று நின்றது. இடப்பக்கக் கூடு ஒரு மரத்தில் இறுகிவிட்டது. வலப்பக்கம் பூவரசங் கதியால்கள் வரிசையாகக் கூட்டைப் பிடித்துக்கொண்டன. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்த இரத்தினம்மா, கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் தொங்கிய காய்களைப் பார்த்தாள். அந்தக் காய்களை அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

பின்னால் இருந்தவர்கள் தட்டி வழியாகக் குதித்து இறங்கினார்கள். இரத்தினம்மாவுக்கு இறங்க வழியில்லை. முன்கதவு அவளுடைய வேலியோடு ஒட்டிக் கிடந்தது. சொந்த வேலி, சொந்த மரம், சொந்த வாசற் படலை, அதற்கப்பால் கற்பூரத் தட்டோடு சொந்தப் புருஷன். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவள் வானுக்குள் அடைபட்டுக் கிடந்தாள்.

“வானை நிப்பாட்டும் தம்பி, புகை உள்ளுக்கை வருது,” என்றார் விதானையார்.

“நிப்பாட்டினால் பேந்து எழுப்பப் பெற்றோல் இல்லை ஐயா. சேலைன் போத்தல் காய்ஞ்சுபோச்சு. மண்ணெண்ணெயும் கால் போத்தல்தான் கிடக்கு. அது முடியமுதல் போனால் போனது. இல்லாட்டில் வான் உங்கடை ஊரிலை குடியிருக்கும்.”

விதானையார் இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மனிதர் அதைக் கொண்டுவந்திருந்தார். அவளுடைய கொழுத்த கோப்புக்கு இத்தனை வருடம் பதில் எழுதியவர், இந்த நாளுக்குத்தான் காத்திருந்தார் போலும். குனிந்து நிலத்தை அளந்தார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டார்.

“இரத்தினம், உறுதியிலை பதினொண்டு. நிலத்திலை ஆறு. மிச்ச அஞ்சும் எங்கை?”

முப்பது தலையும் வான் பக்கம் திரும்பின. எதிர் வேலிக்கு மேலால் பாலேஸ்வரியின் தலையும் தெரிந்தது. இரத்தினம்மா வாயெடுத்தாள். ‘ரெண்டு அடி அவளிட்டை’ என்பது நுனிநாக்கில் நின்றது. ஒன்பது வருடமாக நிற்கிற வசனம். ஆனால் மற்ற மூன்று அடியும் தன் கன்னத்தில் அடித்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறதே. அவளுக்கு மூன்றாம் தூண் ஞாபகம் வந்தது. சாக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞாபகம் வந்தாள். இயந்திரம் இருமியது. இந்தச் சனத்துக்கு முன்னால் இதைச் சொல்வதிலும் பார்க்க முழங்கால் இரண்டும் கழன்று விழலாம் என்று இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“மூண்டு அடி என்ரை வளவுக்கை கிடக்கு.”

வான் ‘தட தட’ என்றது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் புருஷனைப் பார்த்து. “கற்பூரத்தை வைச்சிட்டுக் கத்தியை எடுங்கோ. வேலியையும் மரத்தையும் வெட்டுங்கோ.”

அருளம்பலம் முப்பது வருடத்தில் முதல்முறையாக அவள் சொல் கேட்டு உடனே அசையவில்லை. “முருங்கையையோ?” என்றார். “காய் நிறைய நிக்குதே இரத்தினம்.”

“நிக்குதுதான். கன்னத்திலை பட்ட எனக்குத் தெரியாதோ? வெட்டுங்கோ.”

காய் வீணாகக் கூடாது என்று நாலைந்து பேர் வான் கூரையில் ஏறிப் பிடுங்கினார்கள். “எண்ணிப் பிடுங்குங்கோ, எனக்கு எத்தினை காயெண்டு தெரியும்,” என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. அருளம்பலத்தின் கத்தியோ மொட்டை. பூவரசங் கதியாலில் நாலு கொத்துக் கொத்தினார், தோல்கூட உரியவில்லை. கால் போத்தல் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வானின் வலப்பக்கத்தால், சாரதியின் மூக்குக்கு முன்னால், ஒரு கை நீண்டது. கையில் நன்றாகத் தீட்டிய கத்தி, பிடி இரத்தினம்மா பக்கமாக. பாலேஸ்வரி இரத்தினம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இரத்தினம்மாவும் பார்க்கவில்லை. கத்தியை வாங்கி இடப்பக்கத்தால் புருஷனிடம் கொடுத்தாள். கனிசியஸ் மட்டும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தோனியாரைப் பார்த்தான்.

எட்டுக் கதியால் விழுந்தது. முருங்கை இரண்டு வெட்டில் சரிந்தது. அந்த மரத்துக்கு எப்போதும் திடம் இல்லை. வான் ஒரு உதறு உதறி முன்னே போனது, கோயில் வீதியில் வட்டமடித்துத் திரும்பியது. சனம் அரோகரா சொல்லியது. இரத்தினம்மா முன்சீட்டில் இருந்தபடியே அழுதாள். மரத்துக்காக அழுதாளா, சந்தோஷத்தில் அழுதாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று கனிசியசிடம் சொன்னாள்.

சனியும் ஞாயிறும் ஊர் அவளிடம் பட்ட பாடு இருக்கிறதே. பதினொரு அடியில் ஒரு மூங்கில் தடி வெட்டி, இருவர் பிடிக்க, தான் பின்னால் நொண்டிக்கொண்டு, ஒழுங்கை வாசலிலிருந்து கோயில்வரை படலை படலையாக வந்தாள். தடி முட்டிய வேலியெல்லாம் உள்ளே போக வேண்டும். “நான் மூண்டு அடி குடுத்தனான், நீங்கள் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வி. வேலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பாலேஸ்வரி வீட்டு வேலியில் தடி முட்டியபோது மட்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அந்த வேலி தானாகவே இரண்டு அடி உள்ளே போயிருந்தது.

அந்த வான் அதன் பிறகு இரண்டரை வருடம் ஓடியது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யுத்தத்தால் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பி நடந்த நாள்வரை ஓடியது. முதல் மாதம் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் படலையில் நிற்பாட்டச் சொல்லி, அரை மைலுக்கு இருபத்து மூன்று தரம் நின்றது. இரத்தினம்மா மூன்றே மூன்று இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அதற்கு வெளியே கை காட்டியவர்களுக்குப் பெட்டிசம் எழுதப் போவதாகச் சொன்ன பிறகுதான் சீர்ப்பட்டது. கடகம் எல்லாம் பின்தட்டியில், பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்சீட்டு, காலையில் ஐந்தே முக்காலுக்குப் புறப்பாடு. கனிசியஸ் பிந்தினால் அவனுக்கும் ஒரு பெட்டிசம் கையில் கிடைக்கும். அதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் முடிக்க வேண்டியது முதல் திங்கட்கிழமையை.

அன்று இரத்தினம்மா வெட்டிய மரத்தின் கடைசிக் காய்களைக் கடகத்தில் போட்டு ஏற்றிவிட்டு, உள்ளே பலகையில் ஏறி இருந்தாள். மூன்று தடி வெட்டி வளவுக்கு உள்ளே நட்டிருந்தாள். இனிக் காய்க்க எப்படியும் ஒரு வருடம். வான் புறப்படப் போகும் நேரத்தில் பாலேஸ்வரி ஒரு கடகத்தோடு ஓடி வந்தாள். இரண்டு மைல் நடக்கப் பயந்து, பிறந்த நாளிலிருந்து சந்தைக்குப் போகாதவள். கடகம் நிறைய முருங்கைக்காய். ஊரில் இனிக் காய்க்கிற நல்ல மரம் பாலேஸ்வரி வீட்டு மரம் ஒன்றுதான். வானில் மிச்சமிருந்த இடமும் இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்றுதான். பாலேஸ்வரி வந்து இருந்தாள். மருதனார்மடம்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் வேலி பார்த்துக்கொண்டு போனார்கள்.

சந்தையில் ஆறு பத்துக்கு இரத்தினம்மா மூன்றாம் தூணடியில் சாக்கை விரித்தாள். சுருட்டிய சாக்குக்காரி பெருமூச்சு விட்டுவிட்டு அப்பால் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடம் அவ்வளவு இனித்ததில்லை. காயை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது பாலேஸ்வரி நடுச்சந்தையில் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லா இடத்திலும் சாக்கு. எங்கே இருப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி விலத்தச் சொன்னாள், மற்றவள் அப்பால் போகச் சொன்னாள். கண் கலங்கிக்கொண்டு வந்தது.

இரத்தினம்மா கொஞ்ச நேரம் பார்க்காதவள் போல இருந்தாள். பிறகு குனிந்து தன் சாக்கின் ஓரத்தை மடித்தாள்.

“மச்சாள்,” என்றாள், ஒன்பது வருடத்துக்குப் பிறகு. “இஞ்சாலை வந்து விரியுங்கோ. அரை அடிதான். தூணைத் தாண்டினியளோ, பெட்டிசம் எழுதுவன்.”